குறுந்தொகைப் பாட்டு ஒண்ணை அலசி எழுதுறது எப்படி? மார்க் போன ஒருத்தன் சொல்றது

நான் படிச்சது மெக்கானிக்கல். முப்பத்தஞ்சு வயசுல ஆசை வந்து அஞ்சல் வழியில எம்.ஏ தமிழ் சேர்ந்தேன். முதல் அசைன்மென்ட்லயே "குறுந்தொகைப் பாட்டு ஒன்றைத் திறனாய்வு செய்க"ன்னு கேட்டிருந்தாங்க (குறுந்தொகைங்கிறது சங்க காலத்துக் காதல் பாட்டுகளோட ஒரு தொகுப்பு), நானும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து ஆறு பக்கம் எழுதி அனுப்புனேன். 25க்கு 7 மார்க் போட்டு திரும்பி வந்துச்சு. ஓரத்துல சிவப்பு மையில ஒரே ஒரு கேள்வி: "இதை யார் சொல்றது?"

அந்தக் கேள்வி புரியவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க இப்பதான் ஆரம்பிக்கிறீங்கன்னா அந்த ரெண்டு மாசம் உங்களுக்கு மிச்சமாகட்டும்னுதான் இதை எழுதுறேன். காலேஜுக்கு எழுதுறவங்க, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க, சும்மா ஆசைக்குப் படிக்கிறவங்க எல்லாருக்கும் இதே வழிதான்.

1. கையில என்னென்ன வேணும், எவ்வளவு செலவாகும்

முதல்ல பணம் செலவு பண்ணாதீங்க. நான் புத்தகக் கண்காட்சிக்குப் போய் கண்ணுல பட்ட மூணு உரை நூலை வாங்கி ஆயிரத்து நானூறு ரூபாயைத் தொலைச்சேன், அதுல ரெண்டு இன்னும் பிரிக்கவே இல்ல. தேவையானது எல்லாம் இலவசமாவே கிடைக்குது.

முதல்ல மூலமும் உரையும். உ.வே.சாமிநாதையர் உரையோட வந்த குறுந்தொகை 1937-ல அச்சாச்சு. அதுக்கு முன்னாடி 1915-லயே சௌரிப்பெருமாள் அரங்கன் ஒரு பதிப்பு போட்டுட்டார், ஆனா நமக்கு வேலைக்கு ஆகுறது உ.வே.சா. பதிப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகம், மதுரைத் திட்டம் ரெண்டு தளத்துலயும் போய்ப் பாருங்க, சங்க நூல்கள் காசில்லாம கிடைக்கும்.

அடுத்து அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்ஸிகன், ஆறு தொகுதி. சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்துல தேடுற மாதிரி போட்டிருக்காங்க, அதுவும் இலவசம்தான். புத்தகமாவே புரட்டணும்னா பெரிய நூலகம் எதுலயும் இருக்கும்.

மிச்சம் ஒரு நோட்டு, பென்சில், அப்புறம் நீங்க எடுத்த பாட்டை மட்டும் பெரிய எழுத்துல ஒரு பிரின்ட்அவுட். எங்க ஊர்ல பக்கம் ரெண்டு ரூபா. போன்ல படிச்சு அலசலாம்னு நினைக்காதீங்க, கோடு போட இடம் வேணும். மொத்தச் செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டாது.

நேரம்? முதல் பாட்டுக்கு ஒரு வாரம் வெச்சுக்கோங்க, தினம் அரை மணி நேரம். ஒரே ராத்திரியில உக்காந்து முடிச்சா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன், 7 மார்க்.

2. எந்தப் பாட்டை எடுக்குறது

குறுந்தொகையில கடவுள் வாழ்த்து போக 401 பாட்டு. பெரும்பாலும் 4 அடியில இருந்து 8 அடி வரைக்கும்தான், அதனால புதுசா வர்றவங்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்ல. அகநானூறுல போய் முதல்ல விழுந்துடாதீங்க, அங்க பாட்டு 31 அடி வரைக்கும் போகும், ஒரே வாக்கியம் இருபது அடிக்கு ஓடும், மூச்சு முட்டும்.

நான் எடுத்தது 25-ஆம் பாட்டு, கபிலர் பாடினது. மார்க் போனதும் இதுலதான், அப்புறம் புரிஞ்சதும் இதுலதான், அதனால இதையே வெச்சுப் பேசுறேன்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தா ளன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீ ராரல் பார்க்கும்
குருகு முண்டுதான் மணந்த ஞான்றே

3. உரையை மூடி வெச்சுட்டு சொல்லைப் பிரிங்க (ரெண்டு நாள்)

பழைய அச்சுல சொல்லெல்லாம் சீர் கணக்குக்கு வெட்டி இருக்கும், பொருள் கணக்குக்கு இல்ல. "நீ ராரல்"னா நீர் + ஆரல். "குருகு முண்டுதான்"னா குருகும் + உண்டு + தான். இதைப் பிரிக்காம அகராதியில "முண்டு"ன்னு தேடுனா வேட்டி முண்டுதான் வரும், நான் தேடியிருக்கேன், சிரிக்காதீங்க.

பிரிச்சு முடிச்சதும் தெரியாத சொல்லுக்கு அடியில கோடு. ஆனா பெரிய பொறி தெரியாத சொல்லுல இல்லீங்க, தெரிஞ்ச மாதிரி இருக்குற சொல்லுலதான் இருக்கு. "யானெவன் செய்கோ"வை நான் எப்படிப் படிச்சேன்னா, எவனோ ஒருத்தன் வர்றான்னு படிச்சேன். இங்க "எவன்"னா "என்ன"ன்னு அர்த்தம். "நான் என்ன செய்வேன்"னு அவ்வளவுதான் விஷயம், அதுல நான் ஒரு வில்லனையே உள்ள கொண்டு வந்து அரைப் பக்கம் எழுதிட்டேன். அதனால பாட்டுல இருக்குற எல்லாச் சொல்லையும், தெரிஞ்சதையும் சேர்த்து, ஒரு தடவை அகராதியில பாத்துடுங்க. அஞ்சு அடிப் பாட்டுக்கு பிரிச்சுப் பாத்தா இருபத்தஞ்சு சொல் இருக்கும், அவ்வளவுதான், ஒன்றரை மணி நேர வேலை.

ஞான்று = நாள், பொழுது. ஆரல் = ஒரு மீன், ஒல்லியா பாம்பு மாதிரி இருக்கும். குருகு = நாரை, கொக்கு வகை. சிறுபசுங்கால = சின்னப் பசுங்கால் உள்ள. இதெல்லாம் நோட்டுல ஏத்திக்கோங்க.

அப்புறம் உங்க வீட்டுல பேசுற தமிழ்ல பாட்டை ஒரு தடவை சொல்லிப் பாருங்க. "அன்னிக்கு யாருமே இல்ல. அந்தத் திருடன் மட்டும்தான் இருந்தான். அவனே இல்லைன்னு பொய் சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? தினைத்தாள் மாதிரி காலோட, ஓடுற தண்ணியில ஆரல் வருதான்னு பாத்துக்கிட்டு ஒரு நாரை நின்னுச்சு, அவன் என்னைச் சேர்ந்த அன்னிக்கு." இப்படிச் சொல்ல வந்துட்டா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

4. யார், யார்கிட்ட, எப்போ (ஒரு நாள், ஆனா மொத்த மார்க்கும் இங்கதான்)

அகப்பாட்டு, அதாவது காதலைப் பத்தின சங்கப் பாட்டு, எல்லாமே ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட பேசுற பேச்சு. தலைவி, தலைவன், தோழி, செவிலி (வளர்ப்புத் தாய்), சில இடத்துல பரத்தை, வழியில பாத்தவங்கன்னு பேசுறவங்க பட்டியல் சின்னதுதான். கவிஞர் நேரா வந்து நம்மகிட்ட பேசவே மாட்டார். நான் எழுதுன ஆறு பக்கத்துலயும் "கபிலர் இயற்கையை ரசிக்கிறார், கபிலர் நாரையின் அழகில் மயங்குகிறார்"னு எழுதித் தள்ளியிருந்தேன். கபிலர் எங்கயும் மயங்கல. அங்க ஒரு பொண்ணு பயந்துபோய்ப் பேசிக்கிட்டு இருக்கா.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குறிப்பு உண்டு, அதுக்குப் பேர் கூற்று, துறைன்னும் சொல்லுவாங்க. 25-க்கு என்னன்னா, கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கிட்டே போறான் தலைவன், அப்ப தலைவி தோழிகிட்ட சொன்னதுன்னு இருக்கும். இதைத் தெரிஞ்சுக்கிட்டு மறுபடி படிங்க. "கள்வன்"னு ஏன் சொல்றா, "பொய்ப்பின்"னு ஏன் "ஒருவேளை" போட்டுச் சொல்றா, சாட்சி இல்லைன்னு ஏன் தவிக்கிறான்னு எல்லாம் ஒண்ணொண்ணா திறக்கும். நாரை அங்க அழகுக்கு நிக்கல, இருந்த ஒரே சாட்சி அது. அதுவும் மீனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, இவங்களைப் பாக்கவே இல்ல. அப்படிப்பட்ட சாட்சியை எந்தப் பஞ்சாயத்துல கொண்டுபோய் நிறுத்துறது?

கூற்றைப் பாக்காம விட்டா என்ன நடக்கும்ங்கிறதுக்கு இன்னொரு உதாரணம் 40-ஆம் பாட்டு. "யாயும் ஞாயும் யாராகியரோ", செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் கலந்த பாட்டு. கல்யாணப் பத்திரிகையில இதைப் பாக்காதவங்க கம்மி. ஆனா கூற்று என்ன சொல்லுது? சேர்ந்ததுக்கு அப்புறம், இவன் நம்மை விட்டுப் போயிடுவானோன்னு அவ பயப்படுறா, அந்த மாற்றத்தைக் கண்டுபிடிச்சு தலைவன் சொல்ற சமாதானம் இது. கல்யாணமே இன்னும் ஆகல! அது தெரிஞ்சா "யானும் நீயும் எவ்வழி அறிதும்"ங்கிற வரி கொண்டாட்டமா மட்டும் கேக்காது, யாரும் நம்மைச் சேத்து வைக்கல, தெரிஞ்ச உறவும் இல்ல, ஆனாலும் நம்புன்னு கெஞ்சுற குரலும் சேர்ந்து கேக்கும்.

ஒரு எச்சரிக்கை. கூற்றுக் குறிப்பைக் கவிஞரே எழுதினதா எடுத்துக்காதீங்க, அது பின்னாடி சேர்த்ததுன்னுதான் அறிஞர்கள் சொல்றாங்க. அதனால "கபிலர் இப்படிக் குறிப்பிடுகிறார்"னு எழுதாம "பழைய கூற்றுக் குறிப்பின்படி"ன்னு எழுதுங்க. மாறுபடணும்னா காரணம் காட்டி மாறுபடலாம், தப்பே இல்ல.

5. திணை: அட்டவணையை மனப்பாடம் பண்ணி ஒட்ட வைக்காதீங்க

திணைங்கிறது நிலமும் உணர்ச்சியும் சேர்ந்த பாட்டு வகை. குறிஞ்சி புணர்தல், முல்லை இருத்தல், மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிதல். முதற்பொருள்னா நிலமும் பொழுதும், கருப்பொருள்னா அங்க இருக்குற மரம், பறவை, தொழில் எல்லாம், உரிப்பொருள்னா அந்த உணர்ச்சி. இவ்வளவு தெரிஞ்சாப் போதும், இது ஒரு அரை மணி நேரப் பாடம்.

பொறி எங்கன்னா, அட்டவணையை வெச்சுக்கிட்டு டிக் அடிக்கிறதுல. 25-ல மலையைத் தேடிப் பாருங்க, கிடைக்காது. தண்ணி இருக்கு, மீன் இருக்கு, நாரை இருக்கு. அட்டவணைப்படி போனா மருதம், நெய்தல்னு போயிடுவீங்க. ஆனா இது குறிஞ்சி, ஏன்னா உரிப்பொருள்தான் தலைமை, இங்க பேச்சே அவன் சேர்ந்த நாளைப் பத்தித்தான். "உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே", அதாவது உரிப்பொருள் தவிர மத்ததெல்லாம் கலந்து வரலாம்னு தொல்காப்பியமே வழி விட்டிருக்கு.

ஆனா மலையை அவ ஒரு ஓரத்துல ஒளிச்சு வெச்சிருக்கா. நாரைக்காலுக்கு உவமை என்ன சொன்னா? தினைத்தாள். தினைப்புனம் காத்த பொண்ணுக்கு எதைப் பாத்தாலும் தினைதான் ஞாபகம் வரும். எனக்கு இந்த இடம் பிடிபட்ட அன்னிக்கு பஸ்ல இருந்தேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டேன்.

6. ஓசை: கடைசிக்கு முந்தின அடியைப் பாருங்க

ஸ்கூல்ல "நயம் பாராட்டுக"ன்னு ஒரு கேள்வி வருமே, மையக்கருத்து, எதுகை, மோனை, அணி, சுவைன்னு தலைப்பு போட்டு நிரப்புவோமே, அதை இங்க கொண்டு வராதீங்க. எதுகை இருக்குன்னு சொன்னா மார்க் இல்ல, அது என்ன வேலை செய்யுதுன்னு சொன்னாத்தான் மார்க். ரெண்டாம் அடியில ஒரு பக்கம் "தானது", இன்னொரு பக்கம் "யானெவன்". தான், யான். அவன் ஒரு பக்கம், இவ ஒரு பக்கம், நடுவுல "பொய்ப்பின்". எதுகை அவங்க ரெண்டு பேரையும் நேருக்கு நேரா நிறுத்தி வெச்சிருக்கு. அப்புறம் "தான்"ங்கிறதை எண்ணுங்க: தானே கள்வன், தானது பொய்ப்பின், தான் மணந்த ஞான்று. அஞ்சு அடியில மூணு தடவை அவன் பேச்சுத்தான், ஆனா பேர் கிடையாது.

இன்னொரு உபயோகமான விஷயம், இதை எனக்கு யாரும் சொல்லித் தரல, நானா தடுக்கி விழுந்து கண்டுபிடிச்சது. குறுந்தொகையில நிறைய பாட்டு நேரிசை ஆசிரியப்பா, அதாவது எல்லா அடியும் நாலு சீர், கடைசிக்கு முந்தின அடி மட்டும் மூணு சீர். வாய்விட்டுப் படிச்சா அந்த இடத்துல குரல் லேசா தடுக்கும். நான் படிச்ச வரைக்கும் முக்கியமான படம் அந்தக் குட்டை அடியில வந்து உக்காந்திருக்கு பல தடவை. "ஒழுகுநீ ராரல் பார்க்கும்", "செம்புலப் பெயனீர் போல", மூணாம் பாட்டுல "கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு". எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தும்னு சட்டம் போடாதீங்க, ஆனா முதல்ல டார்ச் அடிச்சுப் பாக்க வேண்டிய இடம் அதுதான்.

7. இப்பதான் உரையைத் திறக்கணும் (ஒரு நாள்)

உ.வே.சா. உரையில பதவுரை, முடிபு, கருத்து, விளக்கவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதின்னு பிரிச்சுப் பிரிச்சு இருக்கும். எல்லாரும் "கருத்து"ங்கிற ரெண்டு வரியைப் படிச்சுட்டு மூடிடுறாங்க. தங்கம் இருக்குறது ஒப்புமைப் பகுதியில. அதே சொல், அதே படம் வேற எந்தெந்தப் பாட்டுல வருதுன்னு கை வலிக்க எழுதி வெச்சிருக்கார் மனுஷன், கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல. அதுல ரெண்டு மூணு எடுத்துப் போய்ப் பாத்தாலே உங்க கட்டுரைக்கு எலும்பு கிடைச்சிடும்.

உங்க நோட்டுல எழுதினதையும் உரையையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. நீங்க தப்பா படிச்ச இடத்தை அடிங்க, உரையில இல்லாம நீங்க கண்டுபிடிச்ச இடத்தைச் சுத்தி வட்டம் போடுங்க. வட்டம் போட்டதுதான் கட்டுரை.

8. கவிஞரைப் புரிஞ்சுக்குறது எப்படி

இது தனி வேலை, ஒரு பாட்டை வெச்சு முடியாது. முதல் பொறி: பேரை நம்புறது. செம்புலப் பெயனீரார்ங்கிறது அப்பா அம்மா வெச்ச பேர் இல்ல, அந்தப் பாட்டுல வர்ற தொடரையே பேராக்கிட்டாங்க, உண்மைப் பேர் கிடைக்கல. அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார் எல்லாம் இதே கதைதான். இவங்களுக்கு "வாழ்க்கை வரலாறு"ன்னு ஒரு பத்தி எங்கயாவது பாத்தா சந்தேகப்படுங்க. அதே மாதிரி ஔவையார்னு பேர் இருந்தா உடனே ஆத்திசூடியைக் கொண்டு வராதீங்க, சங்கத்து ஔவை வேற, பின்னாடி வந்த ஔவை வேற.

ரெண்டாவது பொறி: கவிஞரும் பேசுறவங்களும் ஒண்ணுன்னு நினைக்கிறது. வெள்ளிவீதியார் பெண். ஆனா குறுந்தொகை 58-ல அவங்க பாட்டுல பேசுறது தலைவன், திட்டுற நண்பன்கிட்ட பேசுறான். சூரியன் காயுற சுடு பாறையில வெண்ணெய் உருகிப் பரவுது, அதைக் காவல் காக்குறவனுக்கு கையும் இல்ல, வாயும் பேச வராது, கண்ணால பாத்துக்கிட்டு மட்டும் இருக்கான். என் நோய் அப்படிப் பரவுதுன்னு சொல்றான். இதை "ஒரு பெண் தன் அனுபவத்தைப் பாடுகிறாள்"னு எழுதுனவங்களை நான் பாத்திருக்கேன்.

வழி என்னன்னா, அந்தக் கவிஞர் பேர்ல இருக்குற எல்லாப் பாட்டையும் ஒரே இடத்துல சேருங்க. அதுக்காக கபிலர்ல ஆரம்பிக்காதீங்க, இருநூறுக்கு மேல இருக்கு, குறிஞ்சிப்பாட்டு வேற தனியா. வெள்ளிவீதியார் சரியான ஆள். குறுந்தொகை 8, நற்றிணை 3, அகநானூறு 2, மொத்தம் 13 பாட்டு. ஒரு மாசத்துல முடிச்சிடலாம், பிரின்ட்அவுட் முப்பது ரூபாய்க்குள்ள.

13-ஐயும் தரையில பரப்பி வெச்சுப் பாருங்க. தேடுறது, அலையுறது திரும்பத் திரும்ப வரும். குறுந்தொகை 130-ல ஊர் ஊரா, குடி குடியா தேடுனா கிடைக்காமப் போயிடுவானான்னு கேள்வி. அகநானூறு 45-ல, காதலனைத் தேடி அலைஞ்ச ஆதிமந்தி மாதிரி நானும் அலையணுமோன்னு ஒரு குரல். அப்புறம் அகநானூறு 147-க்குப் போங்க, அது ஔவையார் பாட்டு, அங்க தலைவி சொல்றா, "வெள்ளிவீதியைப் போல" நானும் கிளம்பிப் போகலாம்னு இருக்கேன்னு. ஆதிமந்தியை வெள்ளிவீதி சொல்றாங்க, வெள்ளிவீதியை ஔவை சொல்றாங்க. ஒரு கவிஞரைப் பத்தி இன்னொரு கவிஞர் பாட்டுக்குள்ளயே சொல்லி வெச்சிருக்குறது நமக்குக் கிடைக்குற நல்ல ஆதாரம். நான் ரொம்ப நாள் இந்த மூணையும் பேப்பர்ல எழுதி அலமாரிக் கதவுல ஒட்டி வெச்சிருந்தேன்.

இதை வெச்சு "வெள்ளிவீதியார் கணவனை இழந்தார்"னு கதை கட்டிடாதீங்க. "ஔவை பாட்டு அப்படி ஒரு நினைவைக் காட்டுது"ன்னு சொல்ற வரைக்கும்தான் நமக்கு உரிமை.

9. எழுதுற அன்னிக்கு

முதல் பத்தியில சங்க காலம், முச்சங்கம், பொற்காலம்னு ஆரம்பிக்காதீங்க, திருத்துறவங்க அதை ஆயிரம் தடவை படிச்சிருப்பாங்க. பாட்டை முழுசா எழுதுங்க, எண், கவிஞர் பேர், திணை போடுங்க. அடுத்த வரியிலேயே யார் யார்கிட்ட பேசுறாங்க. அப்புறம் நீங்க வட்டம் போட்ட ஒரு இடம், அதுல இருந்து மிச்சம் எல்லாம் வரட்டும். மூணு பக்கம் போதும். மேற்கோளை அச்சுல இருக்குற மாதிரியே எழுத்துக்கு எழுத்து பாத்து எழுதுங்க, நினைவுல இருந்து எழுதாதீங்க. எனக்கு மறுமுறை எழுதினப்பவும் ஒற்றுப்பிழைக்கு ரெண்டு மார்க் போச்சு. மொத்தம் 18 வந்துச்சு.

பழக அடுத்த பாட்டு வேணும்னா 167 எடுங்க, கூடலூர் கிழார் பாடினது, ஆறு அடிதான். தயிர் பிசைஞ்ச விரலைச் சேலையில துடைச்சுக்கிட்டு, தாளிப்புப் புகை கண்ணுல ஏற ஒரு பொண்ணு புளிக்குழம்பு வைக்கிறா, புருஷன் நல்லா இருக்குன்னு சாப்பிடுறான். குட்டை அடி எதுன்னு பாருங்க. அந்த அடுப்படியில நின்னு இதைப் பாத்தது யாரு, யார்கிட்ட போய்ச் சொல்றாங்கன்னு நோட்டுல எழுதிட்டு அப்புறமா கூற்றைத் திறங்க.